இரண்டாகப் போன நாட்டில் வெட்டிய கிணறுகள்

செவ்வாய், இரவு

என்ன நாட்குறிப்புக் கொப்பியே, சுகமாக இருக்கிறாயா? எனக்கு இன்று மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது.

நோர்வேயில், இந்த ஸ்டோவ்னரில், எங்கள் மேல்வீட்டு இத்ரிஸ், ஆப்பிரிக்காவில் தன் அரசாங்கத்துக்குக் கிணறுகள் வெட்டிக் கொடுத்தவர். காசு வருமுன் நாடு இரண்டாகிவிட்டது. வடக்கார், கிணறு தெற்கில் இருக்கிறது என்கிறார்கள். தெற்கார், ஒப்பந்தத்தில் கையெழுத்து வடக்கார் போட்டது என்கிறார்கள். வழக்கு நிற்காது என்று இன்று வக்கீலும் சொல்லிவிட்டார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

திரும்பும்போது ரயிலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அண்ணன் தம்பி காணி பிரித்தால், கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, தண்ணீருக்குப் போகும் பாதை எது என்று உறுதிப் பத்திரத்தில் எழுதிவிடுவோம்.

"எங்கடை நாட்டைப் பிரிக்கேக்கை உங்களைக் கூப்பிட்டிருக்கலாம், அண்ணை," என்று இத்ரிஸ் நோர்வேஜியனில் சொல்லிச் சிரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "வெட்டின ஆக்கள் கூலியை என்னட்டைத்தான் கேக்கினம். இண்டைக்குப் பதில் சொல்லோணும்."

எங்கள் ஊரிலும் ஒருமுறை இரண்டு சகோதரர்கள் ஒரு கிணற்றை—

"இஞ்சாருங்கோ," என்று மனைவி கூப்பிடுகிறாள். "இத்ரிஸ் போனோடை வாசல்லை நிக்கிறார். கிணறு வெட்டின ஊராக்கள் லைனிலையாம். உங்களைப் பக்கத்திலை வந்து இருக்கட்டாம்."

வாறன் என்று சொல்லிவிட்டேன். நான் போய் அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறேனோ, மிச்சத்தைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.