மூன்றாம் பொத்தான்

அம்பிக்கு,

வலியசாலையில் எல்லோரும் சௌக்கியம். நீ துபாயிலிருந்து கொண்டுவந்த ரேடியோவும் சௌக்கியம்.

நிலையத்தின் பெயர் திரையில் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாய். இங்கே கிடைக்கிற நிலையம் எதுவும் பெயரை அனுப்புவதில்லை, வெறும் எண்தான். கண் மங்கிய அம்மா, "பேர் வரதோடி?" என்று கேட்பாள். வருகிறது என்பேன்.

மூன்றாம் பொத்தானில் நீ திருநெல்வேலி நிலையத்தைப் பதிந்து வைத்தாய். சாயங்காலம் பவர்கட்டானால் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அம்மா கோயிலிலிருந்து திரும்புவதற்குள் நான் தேடிப் பிடித்து மறுபடி பதிந்துவிடுவேன். அவள் வந்து பொத்தானை அமுக்கி, "அம்பி வெச்சது, இன்னும் அப்படியே பாடறது. நீ தொட்டுக் கெடுத்துடாதே" என்பாள்.

ஆபீசில் என்னைக் கோழிக்கோட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். போகாதே என்பாள் என்று நினைத்துத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

"போயேன். எனக்கு அம்பியோட ரேடியோ இருக்கு."

போகிறேன். நான் கிளம்புகிற அன்றைக்கும் சாயங்காலம் கரண்ட் போகும். பிறகு மூன்றாம் பொத்தானில் இரைச்சல்தான் வரும். அம்மா நான் கெடுத்துவிட்டுப் போனதாகச் சொல்லுவாள். இத்தனை நாள் பாடவைத்தது யார் என்று நீயே போன் பண்ணிச் சொல்.

உன் அக்கா