பத்தொன்பதாம் படி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதும் நிலையில் இல்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருங்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீயும் “அக்கா, சிக்னல் சரியில்ல” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்றுத் தபாலில் புத்தகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவை அழைத்த பெயரே தலைப்பு: ‘பெரிய சிஸ்டர்’. அட்டையில் அம்மா வெள்ளைச் சீருடையில், நெஞ்சில் குத்திய கடிகாரத்தோடு பிரசவ வார்டு வாசலில் நிற்கும் படம். நல்ல தேர்வு. அதற்குக் கீழே உன் பெயர், பக்கத்திலேயே உன் படம். பின்னட்டையிலும் நீ. அம்மாவுக்கு ஒரு படம், உனக்கு இரண்டு.

நான் உன்னிடம் கொடுத்தது, அம்மாவைப் பற்றி ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய நாற்பது பக்க நோட்டு. “நான் அச்சுக்குக் குடுத்துடறேன், நீ காலேஜ் வேலையப் பாரு” என்றாய். நம்பினேன். புத்தகத்தின் முதல் முப்பது பக்கம் என் வரிகள், ஒரு கமாகூட மாறவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து என்னையே காணோம். நினைவு தப்பிய கடைசி நான்கு வருடமும் அம்மா “மகனுடைய வீட்டில், தோட்டத்தைப் பார்த்த தரைத்தள அறையில்” இருந்தாளாம். காலையில் எழுந்ததும் மகனுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாளாம். மகனுடைய கூடத்தில் நாற்காலி நாற்காலியாகப் போய், “வலி எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டு ரவுண்ட்ஸ் முடிப்பாளாம்.

அது என் மணிக்கட்டு. அவை என் நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும். அதற்கு அம்மா கட்டுப் போட்டாள். அதையும் உன் வீட்டு நாற்காலி ஆக்கிவிட்டாய்.

இந்த வீட்டுக்குள் நீ ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன், அவ்வளவுதான். அடக்கத்துக்கும் நேரே ஆலயத்துக்குத்தான் வந்தாய். அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸுகளுக்கெல்லாம் ஐநூறு பிரதி போகப்போகிறது என்று பதிப்பாளர் சொல்கிறார். ஒன்றும் போகக் கூடாது. முதலில் எனக்குப் பதில் எழுது.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் பராமரிக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் இரண்டு லிப்டும் ஒன்றாகப் படுத்துவிட்டன. நான்கு நாள் லிப்ட் குழிக்குள்தான் வாசம்.

கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் நீ எங்கள் ஊர் ஆலயத்துக்கு வந்து பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் கடைசி வரிசையில் தூங்கினேன் என்று இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாய். தூங்கவில்லை அக்கா. நற்செய்திகளைச் செய்தித்தாள் மாதிரிப் படிக்காதீர்கள், அவை அந்தக் காலத்து வாழ்க்கை வரலாறு என்ற வகையைச் சேர்ந்தவை என்றாய். அந்த வகையில் சம்பவங்களை வரிசை மாற்றி வைப்பார்கள், சிறுவயதைத் தாண்டிக் குதிப்பார்கள், சாவுக்கு நிறைய இடம் ஒதுக்குவார்கள், ஆள் எப்படிப்பட்டவர் என்று காட்டுவதுதான் முக்கியம், தேதியும் விலாசமும் அப்புறம் என்றாய். முன்னால் எழுதியவரின் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்வது அன்றைக்குத் திருட்டு இல்லை என்றும் சொன்னாய். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதைத்தானே செய்தேன்? அம்மா எப்படிப்பட்டவள் என்று அந்தப் புத்தகம் காட்டுகிறதா இல்லையா? விலாசம் மட்டும்தானே மாறியது?

என் நிலைமையையும் கொஞ்சம் நினை. பார்க்கிறவர்கள் எல்லாம் “அம்மா கடைசியில யாருகிட்ட இருந்தாங்க?” என்றுதான் கேட்கிறார்கள். அக்காவிடம் என்று சொன்னால், “ஏன், உங்ககிட்ட இல்லையா?” என்பது அடுத்த கேள்வி. கவர்களில் விலாசம்கூட ஒட்டியாகிவிட்டது. பெரிய மனசு பண்ணி விட்டுவிடு.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

என் பாடத்தையே எடுத்து என் மேல் எறிகிறாய். முப்பது வருடமாக இறையியல் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இதை வைத்து என்னை என் வீட்டிலிருந்தே வெளியேற்றியவன் நீ ஒருவன்தான்.

பாடத்தைப் பாதி கேட்டாய், மீதியையும் கேள். நற்செய்தி எழுதிய அந்த நான்கு பேரும் தங்கள் பெயரைக்கூட எழுத்துக்குள் வைக்கவில்லை. பெயர்கள் பின்னால் வந்தவர்கள் மேலே எழுதியவை. நீ பின்னட்டை வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். அவர்கள் வரிசையை மாற்றினார்கள், உண்மைதான். ஆனால் சிலுவைக்குப் பக்கத்தில் நின்ற பெண்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் தங்களை நிறுத்திக்கொள்ளவில்லை. கூட இருந்த ஆண்கள் ஓடிப்போனதையும் மறைக்கவில்லை. எழுத்து எந்த வகையாக இருந்தாலும் பொய்க்கு அது லைசென்ஸ் ஆகாது.

இன்னொன்று. மூன்றாவது நற்செய்தியை எழுதியவர், ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த கதையை ஒரு பட்டணத்துக்கு மாற்றிவைக்கிறார். இரண்டு வரி தள்ளி, இது வனாந்தரமான இடம், இவர்கள் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள் என்று சீடர்கள் கவலைப்படுகிறார்கள். பட்டணத்தில் ஏது வனாந்தரம்? முன்னால் எழுதியவரின் கதையை மாற்ற ஆரம்பித்தவர், பாதியில் களைத்துப்போய்ப் பழையபடி எழுதிவிட்டார். எதிலிருந்து எது எடுக்கப்பட்டது என்று நாங்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இப்போது உன் ஐம்பத்தொன்றாம் பக்கம்: “சவப்பெட்டியை நான்கு பேர் முப்பத்தாறு படிகளில் இறக்கினார்கள். பத்தொன்பதாம் படியின் முனை உடைந்திருந்ததால் அங்கே பார்த்துக் கால் வைத்தார்கள்.” தரைத்தள அறையிலிருந்து இறக்க எதற்கடா முப்பத்தாறு படி? லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருப்பது நான். என் நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிக் களைத்துவிட்டாய். அடுத்த வகுப்புக்கு உன் புத்தகத்தையே கொண்டுபோகலாம், மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம், தம்பி. குளிப்பாட்டினது, ஊட்டினது, ஓடிப்போகாமல் பூட்டி வைத்தது எல்லாம். ஐநூறு பிரதியையும் நிறுத்து. நிறுத்தவில்லை என்றால் அந்த ஐநூறு பேருக்கும் நானே எழுதுவேன். எனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்ததையும் மறந்துவிடுவேன்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

நீ எழுதிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. நான் களைத்துப்போகவில்லை.

உன் நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அதில் அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார். “கீழே இறக்கினோம்” என்று இரண்டே வார்த்தைதான் எழுதியிருக்கிறாய். படிக்கணக்கு என்னுடையது. எந்தக் கட்டிடத்தில் ஏறினாலும் எங்கள் லிப்ட் ஆட்களுக்குக் கால் தானாக எண்ணும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், நல்ல மழை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். நீ கதவை ஒரு சாண் திறந்தாய். “அம்மா என்கிட்ட வந்து பதினாலு மாசம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா? அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க. போயிட்டு அப்புறம் வா” என்று சாத்திவிட்டாய். நான் போகவில்லை. பாதி இறங்கி, அந்த முனை உடைந்த படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து உன் கதவு தெரியும். படிக்கட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பேசுவதும் கேட்கும்.

அம்மா தூங்கவில்லை. “யாரு வந்தது?” என்றாள்.

“யாரும் இல்லம்மா, மீட்டர் பாக்கறவரு” என்றாய்.

“பாவம், மழையில வந்திருக்காரே, உக்காரச் சொல்லேன்” என்றாள்.

உட்கார்ந்துதான் இருந்தேன் அக்கா. நீ திறக்கவில்லை. அதற்குப் பிறகு வர எனக்கு மனசு வரவில்லை. அது என் தப்பு; திரும்ப வந்திருக்க வேண்டும்.

உன் நாற்பது பக்கத்தில் அந்த நாள் இல்லை. நான் உன்னை முப்பத்தொன்றாம் பக்கத்தில் அழித்தேன். நீ என்னை அதற்கு முன்பே அழித்துவிட்டாய். எல்லாவற்றையும் என் வீட்டுக்கு மாற்றி எழுதியபோது படிகளை மட்டும் எடுக்கக் கை வரவில்லை. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று தெரிந்தேதான் விட்டேன். அந்த நான்கு வருடத்தில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

புத்தகக் கட்டுகளை வண்டியில் ஏற்றாமல் நிறுத்திவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

மீட்டர் பார்க்க வந்தவன்

ஜூலை 9

தம்பிக்கு,

நோட்டையும் உன் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நிறப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். முதல் வருட மாணவர்களை நான் செய்யச் சொல்வது இதுதான். இரண்டு பிரதியையும் ஒப்பிடாமல் வாயைத் திறக்காதே, பின்னால் வந்ததில் மட்டும் ஒன்று இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேள் என்பேன். நான் ஒப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை. எல்லாம் என்னிடமிருந்துதான் எடுத்திருப்பாய் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

வெளியே போய் எண்ணினேன். முப்பத்தாறு. பத்தொன்பதில் முனை இல்லை. ஆறு வருடமாக ஏறி இறங்குகிறேன், எனக்குத் தெரியாது.

அம்மா அப்படிச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “இருக்கட்டும்மா, அவர் போயிட்டாரு” என்றேன். திறந்து பார்த்திருந்தால் நீ இருப்பது தெரிந்திருக்கும். பார்க்கப் பிடிக்கவில்லை. அன்று காலையில்தான் அம்மா முதல் முறையாக என்னைப் பார்த்து, “நீங்க எந்த வார்டும்மா?” என்று கேட்டாள். சோறு ஊட்டிய கையோடு அப்படியே நின்றேன். அந்த நேரத்தில் நீ வந்து நிற்கிறாய். உன்னைப் பார்த்தால் அம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிடுமோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை. தூக்கமும் இல்லை, பதினாலு மாதமும் இல்லை. பொறாமைதான்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அந்தப் பின்னட்டையைப் பார்த்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஐநூறையும் பழைய பேப்பருக்குப் போடு. என் நோட்டை மாற்றாமல் அச்சடி; என் பெயர்கூட வேண்டாம், நடந்த இடம் என் வீட்டு விலாசமாக இருந்தால் போதும். ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். அதில் மழையில் மீட்டர் பார்க்கிறவர் வருகிறார், அவர் யார் என்றும் எழுதியிருக்கிறேன்.

உன்னுடையதை நீ தனியாக எழுது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கட்டுவோம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று எதையும் சரிசெய்யாதே. நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகத் தைத்துப் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. கடைசியில் நிலைத்தது, முரண்பாடுகளோடு அப்படியே இருக்கும் நான்கும்தான்.

இரண்டே பக்கம் வந்தாலும் போதும். சிறுவயதைத் தாண்டிக் குதி. பத்தொன்பதாம் படியில் ஆரம்பி. அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று மறக்காமல் எழுது. அது என்னிடம் இல்லை.

அக்கா