குழியில் விழுந்த பகடை

உன் மகன் நேற்று என் சேலைக் கடைக்கு வந்தான். நெய்கிறவர் கால் வைக்கும் தறிக்குழியைச் செப்பனிட மண்ணை வெட்டியபோது அகப்பட்டதாம். "சித்தப்பா, இது உங்க ஆட்டத்துதா பாருங்க" என்று கண்ணாடி மேசைமேல் வைத்தான். சிவப்புப் பகடை. இருபது முகம். நீ செத்துப் போய் இரண்டு ஆடி முடிந்துவிட்டது. இதில் மண் வாசனை இன்னும் ஈரமாக இருக்கிறது.

அமாவாசையன்று தறி ஓடாது. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மதியங்களில்தான் உன் தறிக்கூடத்தில் நமக்கு ஆட்டம். நீ கதை சொல்வாய்: குகை, பூதம், உடைந்த பாலம். எங்கள் ஆட்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நானும் சேகரும் சொல்வோம். பிழைத்தார்களா செத்தார்களா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டத்தை நடத்துகிறவன் என்பதால் உனக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தோம். கையில் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் விதிப் புத்தகம். அதில் இல்லாத எதற்கும் நீ அசைந்ததில்லை. பகடை சேலைப் பெட்டி மூடிக்குள் விழ வேண்டும். வெளியே போனால் செல்லாது, மறுபடி போட வேண்டும்.

நான் பூதத்திடமே பேரம் பேசுகிறவன். "கதை உன் கையில இருக்குது, கொஞ்சம் வளைச்சா இன்னாபா?" என்பேன்.

"ஒருத்தனுக்கு வளைச்சா அப்புறம் எவனும் பயப்பட மாட்டான். பயமில்லன்னா அது ஆட்டமே இல்லபா" என்பாய்.

ஒரு அமாவாசை; என் முதல் கடை மூடிய மாதம் அது. சட்டைப் பையில் சூரத்துக்கு ரயில் டிக்கெட் இருந்தது, உனக்கும் தெரியும். கதையில், உடைந்த பாலத்தில் என் ஆள் மாணிக்கம் நின்றான். தாண்டப் பதினெட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். "இவன் செத்தா நானும் ஊரை விட்டுக் கிளம்புறேன்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

பகடை மூடியிலிருந்து எகிறிக் குழிக்குள் உருண்டது.

"செல்லாது! கண்டக்டரே, மறுபடி போடச் சொல்லு. மாணிக்கத்துக்குச் சங்குதான்!" என்று சேகர் குதித்தான்.

நீ குழிக்குள் இறங்கினாய். மிதிகட்டைக்கு அடியில் வெகுநேரம் துழாவினாய். மூடிய கையோடு ஏறி வந்து, "பத்தொம்போது. தாண்டிட்டான்" என்றாய்.

"இன்னாபா இது? வெளிய விழுந்தது எப்பலருந்து செல்லுது?" என்றான் சேகர்.

"நான் சொல்றேன் இல்ல? செல்லும்."

அடுத்த அமாவாசைக்கு நீலப் பகடை. "பழசு தேஞ்சி போச்சி" என்றாய். பிளாஸ்டிக் தேயுமா? முகம் பார்த்துச் சரக்கு விற்கிறவன் நான், எனக்கா தெரியாது? ஆனாலும் கேட்கவில்லை. சூரத்துக்குப் போகவும் இல்லை.

எங்கே கிடந்தது என்று உன் மகனிடம் கேட்டேன். எலி வளைக்குள்ளாம், ஒரு முழம் உள்ளே. அப்படியென்றால் அன்று உன் கையில் ஒன்றுமே இல்லை. என்ன எண் விழுந்தது என்று நீ பார்க்கவே இல்லை.

சேகர் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. கடையில் நான் கறார் பேர்வழி என்று பெயரெடுத்திருக்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம், 'ஒருத்தருக்கு வளைச்சா' என்று உன் பேச்சைத்தான் எடுத்து விடுகிறேன்.

இன்று மதியம் கடையில் யாரும் இல்லை. பெட்டி மூடி ஒன்றை மல்லாத்தி வைத்து உருட்டினேன். மூடிக்குள்தான் விழுந்தது. நான்கு.

பத்தொன்பது என்று சொல்ல யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.