பாலில் கொதித்த தேயிலை

2003 மார்ச் 3, எஹலியகொட

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். பதினொரு நாள் தாமதித்து வந்தமையைப் பொறுத்தருள வேண்டும். லாகூர் எழுத்தாளர் நூரியாவின் ஆங்கிலக் கதையைத் தமிழாக்கி முடித்தேன். அவர் சம்மதித்ததும் குருவிட்ட நுஹ்மான் தமது சிற்றிதழில் வெளியிடுவார். என் பெயர் அச்சேறுவது இதுவே முதல் தடவை.

உலக வாசகருக்காக லண்டனில் வெளியான கதை. ஆகவே ரொட்டி என்றால் என்ன, முக்காடு என்றால் என்ன என்று வரிக்கு வரி விளக்கம். அன்றாடம் ரொட்டி சுடும் நமக்கு அவை எதற்கு? வெட்டினேன்.

மார்ச் 4

இன்னொரு பிழையையும் திருத்தினேன். கதையில் வரும் தாய் தேயிலையைப் பாலிலேயே போட்டுக் கொதிக்க வைக்கிறாளாம்! பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் தேயிலை சலிப்பவள் நான். இது லண்டன்காரரின் குளறுபடியாகவே இருக்க வேண்டும். ‘கொதிநீர் ஊற்றி, மூடி வைத்து, வடித்தாள்’ என்று எழுதினேன். மாற்றங்களை நூரியாவுக்கு அறிவித்தாயிற்று.

மார்ச் 21

பதில் இல்லை.

ஏப்ரல் 4

வந்தது. விளக்கங்களை வெட்டியதற்கு நன்றி கூறியிருக்கிறார்; பதிப்பகத்தார் கேட்டதால் சேர்த்தவையாம். அடுத்த பத்தி:

“பாலில் கொதிக்கும் தேநீரை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பீங்கான் குடுவையில் ஊற வைக்கச் சொன்னார்கள், மறுத்தேன். அது என் அம்மாவின் அடுப்பு. அதை நீங்கள் அணைப்பதானால், அச்சிட வேண்டாம்.”

என்ன காரியம் செஞ்சிட்டேன்! லண்டன்காரனைத் திட்டிக்கிட்டே நானும் அதையேதானா—

ஏப்ரல் 5

சலிக்கும் அறையில் என்னோடு நிற்கும் மரியாயியிடம் சொன்னேன். “பால்லயே போட்டா? அடி ஆத்தே, டீ போடுறாங்களா, கஞ்சி காச்சுறாங்களா?” என்று சிரித்தவள், “நீங்க குடிச்சுப் பாத்தீங்களாக்கா?” என்றாள்.

இல்லை.

மாலையில் நுஹ்மானுக்குத் தொலைபேசினேன். “உங்கட வரியே இருக்கட்டும் தங்கச்சி. லாகூர்ல இருந்து யாரு வந்து பாக்கப் போறாங்க? மத்தது போட்டா நம்ம ஆக்கள் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அவங்க எழுதின மாதிரி போடுறதுன்னா போடுங்க. இல்லாட்டி என் பேரும் வேணாம்.”

“சரி, சரி” என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அரைப் போத்தல் மாட்டுப்பாலில் இரண்டு கரண்டித் தேயிலைத் தூள். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மரியாயி ஒரு வாய் குடித்தாள். முடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

நூரியாவுக்கு எழுதியதன் பிரதி:

“தாங்கள் எழுதியவாறே அவ்வரியை மீட்டுவிட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. ஓர் ஐயம் மட்டும்: சீனியைப் பாலோடு சேர்ப்பதா, இறக்கிய பின்பா? விரைந்து பதில் எழுதுங்கள்.”