பற்றவைத்த இருக்கையும் உணர்விழந்த வலது காலும்

அனுப்புநர்:
நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
பணிமனை ஊழியர் குடியிருப்பு, பின்வரிசை,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.
(தையல்கார அம்மா வீடு என்று கேட்டால் வாயில் காவலாளி காட்டுவார்.)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பொருள்: முதுகுவலி முற்றி வலது காலில் உணர்விழந்த என் கணவரை இன்று பிற்பகல் டூட்டியிலிருந்து பேருந்து ஓட்ட அனுமதிக்காதிருக்கவும், அதன் பொருட்டு அவரை வேலையிலிருந்து நீக்காதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நான் எழுதுவது என் கணவருக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. சொல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் தங்கள் பணிமனையில் நல்ல பெயர் எடுத்த ஓட்டுநர். உயரம் குறைந்தவர் என்பதால் எல்லோரும் அவரை 'குட்டி டிரைவர்' என்பார்கள். தங்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். குட்டியாக இருந்தாலும் இத்தனை ஆண்டுகளில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்பதைத் தங்கள் பதிவேடுகளே சொல்லும்.

2. சில காலம் முன்பு ஒரு பேருந்தில் பிரேக் போட்டபோது ஓட்டுநர் இருக்கை தானாக முன்னே சறுக்கிவிட்டது. அதன்பின் எல்லாப் பேருந்துகளிலும் இருக்கையை நகர்த்தும் கைப்பிடியை எடுத்துவிட்டு, இருக்கையைத் தரையோடு சேர்த்து வெல்டிங் செய்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் வைத்துப் பற்றவைப்பது என்று பார்க்க, ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் தாமே ஏறி உட்கார்ந்து, கால் நீட்டிப் பார்த்து, "ஆங், இங்கயே அடி" என்றாராம். அவர் நிலைவாசலில் குனிந்து நுழையும் உயரம். அவர் காலுக்கு வைத்த அளவு எல்லா ஓட்டுநருக்கும் அளவாகிவிட்டது. காலுக்குத் தக்க செருப்பு என்பார்கள், இங்கே செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிக்கொள்ளச் சொன்ன கதையாகிவிட்டது, ஐயா.

3. அன்றிலிருந்து என் கணவர் கிளட்ச் எட்டுவதற்காக இருக்கையின் நுனியில்தான் உட்கார்கிறார். முதுகு எதிலும் சாய்வதில்லை. எஞ்சின் ஆட்டமும் ரோட்டுக் குழியும் நேராக இடுப்பில் இறங்குகின்றன. மாலையில் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் தையல்காரி, என்னால் முடிந்தது அதுதான் என்று, கெட்டிப் பஞ்சு வைத்து முதுகுக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். அதை வைத்து ஓட்டிய நாட்களில் வலி பாதியாகக் குறைந்தது. பிறகு பாதுகாப்பு ஆய்வாளர் வந்து, ஓட்டுநர் அறையில் தேவையற்ற பொருள் என்று எழுதி அதை எடுத்துப் போய்விட்டார். இப்போது அந்தத் தலையணை ஆய்வாளர் அறை நாற்காலியில் இருப்பதாக, என் கணவரோடு வண்டியில் போகும் கண்டக்டர் தம்பி சொல்கிறார். அவருக்கும் முதுகு இருக்கத்தானே செய்யும், வைத்துக்கொள்ளட்டும்.

4. வலிக்கு நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தோம். தைலம் தேய்த்தோம். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தரையில் படுத்தார். இடுப்புப் பட்டை வாங்கி இறுக்கிக் கட்டினார். "முதுகுல ஏறி மிதிடி" என்றார், நானும் ஏறி மிதித்தேன். என் எடைக்கு அவர் இன்னும் எழுந்து நடப்பதே பெரிது. விடுப்பு நாளெல்லாம் அசையாமல் படுத்துக் கிடந்தார், எழுந்தால் வலி முன்னைவிட அதிகம். கடைசியில் மற்ற ஓட்டுநர்கள் செய்வதையே இவரும் செய்யத் தொடங்கினார். ஆண்டுதோறும் உடல்தகுதிச் சோதனை வருகிறதல்லவா? அன்று காலையில் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு போய், குனியச் சொன்னால் குனிந்து, நிமிரச் சொன்னால் நிமிர்ந்துவிட்டு வருகிறார்கள். இதற்கு அவர்களுக்குள் 'டீசல் அடிப்பது' என்று பெயர். "டீசல் அடிச்சாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார்கள். யார் ஊசி போடுகிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. தங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் நலம் என்று கையெழுத்தாகிப் போகும் தாளின் பின்கதை இதுதான் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. அண்மையில் ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தவர் வாசற்படி ஏறும்போது பார்த்தேன். இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை. பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வழிகிறது. "செருப்பு எங்கே?" என்றேன். அவர் குனிந்து காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். செருப்பு கழன்று விழுந்ததும் தெரியவில்லை, கண்ணாடி ஏறியதும் தெரியவில்லை. முதுகுவலி கூட அப்போது குறைந்திருந்தது, அதனால் குணமாகிவிட்டது என்று இருவரும் சந்தோஷமாக இருந்தோம், ஐயா. முட்டாள்கள்.

6. மறுநாளே எலும்பு மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா குதிகாலில் நிற்கச் சொன்னார். இடது கால் நின்றது, வலது பாதம் தொப்பென்று கீழே விழுந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும், அதற்குப் படுக்கையில் கிடக்கக் கூடாது, மெல்ல நடமாட வேண்டும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராமல் இடையிடையே எழுந்து நிற்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். ஆனால் இவருக்கு வந்திருப்பது அது இல்லை. எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறது. வலி குறைந்து கால் மரத்துப்போவது குணமல்ல, நரம்பு சாகத் தொடங்கியதன் அடையாளம். தள்ளிப் போட்டால் பாதம் நிரந்தரமாகத் தொங்கிவிடும், உடனே அறுவை சிகிச்சை செய்தால் மீளலாம். சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும். கடைசியாக, "இந்தக் காலோட வண்டியத் தொடவே கூடாது" என்றார்.

7. என் கணவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டவர், இன்றுவரை அதைத் தங்களிடம் காட்டவில்லை. காரணம் தங்களுக்கும் தெரியும். இவருக்கு முன் ஒரு மூத்த ஓட்டுநர் உள்ளதைச் சொல்லி இடுப்பைக் காட்டினார். தகுதியற்றவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினீர்கள். இன்று அவர் கடைத்தெருவில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். அவரைக் கடந்து போகும்போதெல்லாம் என் கணவர் வேறு பக்கம் பார்க்கிறார். "உண்மையச் சொன்னவன் கதி அதுதான். எனக்கு வண்டி ஓட்டுறத விட்டா என்னடி தெரியும்?" என்கிறார். நான் அழுதேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சீருடையைத் தண்ணீரில் முக்கிப் போட்டேன். மனிதர் சொட்டச் சொட்ட ஈரச்சட்டையோடு டூட்டிக்குப் போனார்.

8. நேற்று மாலை நடந்ததைத் தாங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். பேருந்து நிற்கவில்லை, ஐயா. வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியிருக்கிறார். ஒரு பிள்ளையின் புத்தகப்பை முன் பம்பரில் இடித்து, பிள்ளை கீழே விழுந்தது. பிள்ளை எழுந்து, பையைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டது. பயணி ஒருவர் "தூங்கிட்டு ஓட்டுறியா?" என்று கத்தினாராம். கண்டக்டர் தம்பி இன்று காலை என்னைத் தேடி வந்து அழாத குறையாகச் சொன்னார்: "அண்ணி, அண்ணன் கொஞ்ச நாளா ரோட்ட பாக்குறதவிடக் கால அதிகம் பாக்குறாரு. கால் பிரேக்குல இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு அண்ணி." இந்தத் தம்பி மீது தாங்கள் கோபப்படக் கூடாது.

நேற்று வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன் உட்கார்ந்து, கையை வைத்தபடி அப்படியே இருந்தார். அவராகவே சொன்னார்: "பிரேக்குன்னு நெனச்சுத் தரைய மிதிச்சிருக்கேன்டி. முழு பலத்தோட மிதிச்சேன்." அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் இன்று காலை எழுந்து, பிற்பகல் டூட்டிக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். கட்டியவரைக் காட்டிக்கொடுக்கிறாளே என்று நாளை குடியிருப்பே பேசும். பேசட்டும்.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

முதலாவது, இன்று பிற்பகல் அவரைப் பேருந்தில் ஏறவிடாதீர்கள். அவர் கெஞ்சுவார், சிரித்துப் பேசி மழுப்புவார், தங்கள் முன்னால் குதித்துக்கூடக் காட்டுவார். நம்பாதீர்கள். குதிகாலில் நிற்கச் சொல்லுங்கள், அது போதும்.

இரண்டாவது, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்து தேறும் வரை விடுப்பும், அதன்பின் நேரக்காப்பாளர் அறையிலோ டிக்கெட் பிரிவிலோ எழுந்தும் உட்கார்ந்தும் செய்யக்கூடிய ஒரு வேலையும் கொடுங்கள். உண்மையைச் சொன்னவனுக்கும் இங்கே சாப்பாடு உண்டு என்று ஒரே ஒருவர் விஷயத்தில் காட்டினால், மற்ற ஓட்டுநர்களும் ஊசி போடாமல் தங்கள் முன் வந்து நிற்பார்கள். இன்னும் எத்தனை பேர் மரத்த காலோடு ஓட்டுகிறார்கள் என்பது தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்றாவது, அந்த வெல்டிங்கை வெட்டி எடுத்து, அவரவர் உயரத்துக்கு நகரும் இருக்கை போடுங்கள். அதுவரை தலையணைக்கு அனுமதி கொடுங்கள். துணி இருந்தால் எல்லோருக்கும் நானே தைத்துத் தருகிறேன்.

இந்த மனுவைத் தபாலில் போட நேரமில்லாததால் தங்கள் உதவியாளர் கையில் கொடுத்திருக்கிறேன். தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ச்சுவரில் பேருந்துச் சாவிகள் மாட்டும் பலகை இருக்கிறது. அவர் வண்டிச் சாவி இப்போது அதில் தொங்குகிறது. சாவி எடுக்க அவர் இந்த வழியாகத்தான் வர வேண்டும், வந்தால் என்னைப் பார்ப்பார். பார்த்தவுடன் புரிந்துகொள்வார். அதற்குப் பிறகு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ, இருக்கட்டும். எழுத்தில் பதில் எதுவும் எனக்கு வேண்டாம், ஐயா. அவர் வருவதற்குள் தாங்கள் எழுந்து வந்து அந்த ஒரு சாவியை எடுத்துத் தங்கள் மேசைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தாங்கள் வராவிட்டால் நான் எடுத்துவிடுவேன். பிறகு என்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் சரி.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: இன்று, பிற்பகல் டூட்டிக்கு முன்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
குட்டி டிரைவரின் மனைவி