மூன்றாவது மணி

லுக்அவுட், மான்செராட்
11 ஜனவரி 1999

என் அருமை மகள் வெர்லினுக்கு,

அம்மா நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கிறிஸ்துமஸ் அட்டை போன வாரம்தான் கைக்கு வந்தது. நடுவில் ஆன்டிகுவாவில் எந்த மேஜை மேல் கிடந்து தூங்கியதோ தெரியவில்லை. குழந்தையின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். ஜோசி என்று பெயர் வைத்திருக்கிறாய். ஜோசியா டூயிட்டின் பேத்திக்கு ஏன் அந்தப் பெயர் என்று நீ எழுத வேண்டியதில்லை. மூக்கும் அப்படியே உன் அப்பா மூக்கு. பெண் பிள்ளைக்குப் போய் இந்த மூக்கா என்று முதலில் கவலைப்பட்டேன். இரண்டு நாளில் பழகிவிட்டது.

அட்டையில் படம் இருந்தது, உங்கள் மூவரின் பெயர் இருந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருடமாக இப்படித்தான். நான் குறை சொல்லவில்லை, பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. எரிமலைக்குத் தப்பி வந்து பள்ளிக்கூட முகாமில் இரண்டரை வருடம் கட்டிலுக்குக் கட்டில் துணி கட்டிக் குடித்தனம் பண்ணியது போதும் என்று அரசாங்கத்துக்கே தோன்றி, இங்கே வடக்கில் எனக்கு இரண்டு அறை வீடு கொடுத்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியும் வந்துவிட்டது. மாட்ட வந்தவன் கிளிஃபோர்ட் மீட், உன்னோடு படித்தவன். அடுப்படிச் சுவரில் மாட்டிவிட்டு, "மிஸ் டூயிட், இனிமே இங்கிலாந்து உங்க அடுப்புக்குப் பக்கத்துலதான். குழம்பக் கிண்டிக்கிட்டே மகளைத் திட்டலாம்" என்றான்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவனிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். கவனமாகப் படி. முதலில் இரண்டு பூஜ்யம். அது இங்கிலாந்தை விட்டு வெளியே வருவதற்கு. அடுத்து ஒன்று. அது அமெரிக்கக்காரனுக்கும் நமக்கும் பொது. அதற்குப் பிறகு ஆறு, ஆறு, நான்கு. அது நமக்கே நமக்கு. தீவில் மிஞ்சியிருப்பது நாலாயிரம் பேர், அதற்குத் தனியாக மூன்று எண் என்று கிளிஃபோர்ட் பெருமையாகச் சொன்னான். அதன் பின் நான்கு, ஒன்பது, ஒன்று. கடைசியாக இந்தத் தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருக்கும் நான்கு எண்கள்.

பழைய வழக்கத்தில் எட்டு, பூஜ்யம், ஒன்பது என்று ஆரம்பிக்காதே. அது இப்போது நம்முடையது இல்லை. யாரோ டொமினிக்கன்காரி எடுத்து ஸ்பானிஷில் கத்துவாள். எல்லா எண்ணையும் அழுத்தின பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பாதி கர்த்தர் ஜெபம் சொல்லும் நேரம் ஆகும். அந்த அமைதியைக் கேட்டுப் பயந்து வைத்துவிடாதே.

இன்னொன்று. ஹாரிஸில் இருந்த நம் பழைய வீட்டு எண்ணைக் கூப்பிடாதே. கிளிஃபோர்டைக் கேட்டேன். "அங்க கம்பமும் இல்ல, கம்பியும் இல்ல மிஸ் டூயிட். எல்லாம் சாம்பலுக்கு அடியில. ஆனா கூப்பிடுறவங்க காதுல மணி அடிக்கும். மெஷின் சும்மா அடிக்குது" என்றான். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

எரிமலை இறங்கி வந்த அந்த ஜூன் புதன்கிழமையில் நீ எத்தனை முறை அந்த எண்ணைக் கூப்பிட்டாய், என்னென்ன சொன்னாய் என்று எழுதிய உன் கடிதம் என் பைபிளுக்குள் இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதுவேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் மனதில் வை. போகக் கூடாது என்று போலீஸ் தடுத்த இடத்துக்கு உன் அப்பா அன்று போனது பசுவுக்காக. பசுவை அவிழ்க்கத்தான் போனார்.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள். கூப்பிடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா எலினோரா

*

லுக்அவுட்
22 பிப்ரவரி 1999

அருமை மகள் வெர்லினுக்கு,

அம்மா எழுதுவது. நலம். நேற்றைக்கு முந்தின நாள் மலை மறுபடி சாம்பலைத் துப்பியது. துவைத்துக் காயப்போட்ட துணியை எல்லாம் திரும்பத் துவைத்தேன். அடுத்த வீட்டு மிஸ் ரைலியின் இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, அதை விட நீளமாக அவள் வாயும் இருக்கிறது. தேவாலயத்தில் கூரை வேலை நடக்கிறது.

நீ இன்னும் கூப்பிடவில்லை. என் கடிதம் வந்ததா? எண்களில் எங்காவது குழப்பமா? தொலைபேசிக் கார்டு விலை அதிகமா?

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படித்துவிட்டுச் சிரிக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லாதே.

நான்கு ஞாயிறாக மதியம் சரியாக இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கிறது. இரண்டே தடவை மணி ஒலிக்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. வேறு நாளில் இல்லை, வேறு நேரத்தில் இல்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் வாய் திறக்க வேண்டும். சின்ன வயதில் நீ முதல் குரலுக்கே பாய்ந்து ஓடுவாய், நான் உன் பாவாடையைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். தொலைபேசிக்கும் என் வீட்டில் அதே சட்டம்தான், அதுவும் உனக்குத் தெரியும். மூன்றாவது மணி அடிக்காமல் எடுத்ததில்லை. இந்தத் தொலைபேசி மூன்றாவது மணி அடிப்பதே இல்லை.

மிஸ் ரைலியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். "செத்தவங்களுக்கு ரெண்டுக்கு மேல எண்ண வராது எலினோரா. இது ஜம்பிதான், உன் புருஷனோட ஆவி, சந்தேகமே வேணாம். எடுத்துத் தொலைச்சிராத, உன்னையும் கூட இழுத்துட்டுப் போயிருவான்" என்றாள். "உசிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் என்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல, இப்பவா கூட்டிட்டுப் போகப் போறார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகு சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறிலிருந்து தொலைபேசிக்குக் கீழே ஒரு சின்ன மேஜை போட்டு அவருக்குச் சாப்பாடு வைக்கிறேன். ஆட்டுக்கறிச் சாறு, மரவள்ளி ரொட்டி, கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் ரம். ஜம்பிக்கு உப்பு ஆகாது என்பதால் உப்பில்லாமல் சமைக்கிறேன். இருந்த காலத்தில் ஒரு சிட்டிகை குறைந்தாலும், "எலீ, இது ஆட்டுச் சாறா, ஆட்டக் கழுவின தண்ணியா?" என்று தட்டைத் தள்ளுகிற மனுஷன். இப்போது வைத்ததைச் சாப்பிடட்டும்.

வெர்லின், எனக்குப் பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே அவர் இல்லை. அவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்போது வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு தடவை மணி அடிக்கும் நேரமாவது எங்கோ இருக்கிறார் என்று தோன்றுகிறது. தேவாலயத்திலிருந்து வந்து நல்ல உடுப்பை மாற்றாமலே அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எடுக்கலாமா என்று ஒரு முறை கை போனது. எடுத்து, அங்கே ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன செய்வேன்? அதனால் எடுக்கவில்லை.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? ராத்திரி தூங்குகிறாளா? ஒரு வரி எழுது. கூப்பிட்டால் இன்னும் நல்லது. இரண்டு பூஜ்யம், ஒன்று, ஆறு ஆறு நான்கு.

ஆசிகளுடன்,
உன் அம்மா எலினோரா

*

லுக்அவுட்
29 மார்ச் 1999

என் கண்ணே வெர்லின்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படி.

நேற்று குருத்து ஞாயிறு. தேவாலயம் முடிந்து மிஸ் ரைலியும் என்னோடு சாப்பிட வந்திருந்தாள். ஜம்பிக்கு வைக்க வேண்டிய தட்டை இன்னும் எடுத்து வைக்கவில்லை, இரண்டு மணிக்குத்தானே என்று இருந்தேன். அவளுக்குச் சாறு ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. இரண்டு தடவை அடித்து நின்றது. நிமிர்ந்து கடிகாரத்தில் மணி பார்த்தேன். ஒன்று.

மிஸ் ரைலி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "ஒரு மணி! மலை எறங்குன நேரம்! அவன் செத்த நேரத்துக்கே வந்துட்டான் எலினோரா, வீட்ட விட்டு வெளிய வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எட்டு ஞாயிறாக இரண்டு மணிக்கு வந்தவர் ஏன் இன்று ஒரு மணிக்கு வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டு அடுப்பைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது உன் அப்பா சொன்னது காதில் விழுந்தது. ஜம்பி சொன்னது இல்லை, அவர் இருந்தபோது சொன்னது. முகாமில் எனக்குத் தொலைபேசி இல்லாத நாளில், நீ அங்கே சாயங்காலம் ஆறு மணிக்குப் பூத்துக்குப் போவாய், இங்கே இரண்டு மணிக்குப் பழைய வீட்டில் மணி அடிக்கும் என்று அவர் புதன்கிழமைதோறும் ஹாரிஸுக்கு நடப்பாரே. மார்ச் கடைசியில் ஒரு நாள் தொப்பியை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். ஏன் என்று கேட்டேன். "இங்கிலாந்துக்காரன் கோடைக்குன்னு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால திருப்பி வெச்சுட்டான் எலீ. இனிமே அவ ஆறு மணி நமக்கு ஒரு மணி. பிள்ளையக் காக்க வெக்கக் கூடாது" என்றார்.

செத்தவருக்கு யார் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், வெர்லின்? நான் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். மிஸ் ரைலி என்னைப் பேய் பிடித்துவிட்டது என்று தண்ணீர் தெளித்தாள்.

நீதான். முதல் நாளிலிருந்து நீதான். அம்மா மூன்றாவது மணிக்கு முன்னால் எடுக்க மாட்டாள் என்று அந்த ஊரில் தெரிந்தவள் நீ ஒருத்திதானே. அதனால்தான் இரண்டோடு நிறுத்துகிறாய். என் வீட்டில் மணி அடிக்க வேண்டும், நான் மட்டும் எடுத்துவிடக் கூடாது.

என் பிப்ரவரிக் கடிதத்தையும் படித்திருப்பாய். அம்மா உப்பில்லாமல் சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் அடுத்த ஞாயிறு அதே போல இரண்டு மணி அடித்தாய். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ நிறுத்தியிருந்தால் அவர் மறுபடி செத்திருப்பார், அதற்கு உனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நீ ஏன் பேசப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். பைபிளில் இருக்கும் உன் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்தேன். கார்டு தீர்ந்துவிட்டது, அங்கேயே இருங்கப்பா, புதுக் கார்டு வாங்கிட்டு வந்து கூப்பிடுறேன் என்று சொன்னேன், வாங்கிவிட்டு வந்து கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான்தான் அவரை அங்கே நிறுத்தி வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

மகளே, அன்று அவர் பசுவுக்காகப் போகவில்லை. ஊரில் எல்லோரிடமும் அப்படிச் சொன்னேன், உனக்கும் அப்படி எழுதினேன். பசுவை மே மாதமே வடக்கே ஓட்டி வந்து முகாமுக்குப் பின்னால் கட்டியிருந்தோம். அன்று காலை அவருக்குப் போக மனமே இல்லை. "மலை காலையிலிருந்து உறுமுது எலீ, இந்த வாரம் வேணாம்" என்றார். நான்தான், "பிள்ளை பூத்துல நின்னு காத்துட்டு இருப்பா, எழுந்திருங்க. சாப்பிடுறாளா, உடம்பு இளைச்சிட்டாளான்னு கேட்டுட்டு வாங்க" என்று தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

நீ அங்கேயே இருங்க என்றது ஐந்து நிமிடம். அவரை அங்கே அனுப்பியவள் நான். உன் கடிதத்துக்குப் பதில் எழுதினால் இதையும் எழுத வேண்டிவரும் என்றுதான் ஒன்றரை வருடம் எழுதாமல் இருந்தேன். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அங்கே கிடக்கிறாய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னை மன்னித்துவிடு. மற்றதை எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் ஈஸ்டரும் வந்து போகும். நீ இரண்டு மணி அடித்துவிட்டு வைத்தால் வைத்துக்கொள், அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வரும் ஞாயிறிலிருந்து நான் மூன்றாவது மணிக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஒரு மணிக்கு அடுப்படியில், சுவரோரமாக, கையைத் தொலைபேசி மேல் வைத்துக்கொண்டு நிற்பேன். முதல் மணி அடித்த உடனே எடுப்பேன். என் ஐம்பத்தெட்டு வயதில் முதல் குரலுக்கு நான் பதில் சொன்னதே கிடையாது. மிஸ் ரைலிக்குத் தெரிந்தால் என்னைச் சவப்பெட்டிக்கு அளவெடுத்துவிடுவாள்.

நீ ஒன்றும் பேச வேண்டாம். ஜோசி அழுதால் அந்த அழுகை போதும். மூச்சு விட்டாலும் போதும்.

நான் எடுக்கும்போது நீயாக இல்லாமல் உன் அப்பாவாகவே இருந்தாலும் எனக்குப் பயமில்லை. "பிள்ளை கூப்பிடுற நேரம், நீங்க வைங்க" என்று சொல்லிவிடுவேன். உனக்காக என்றால் அவர் வைத்துவிடுவார்.

கர்த்தர் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். முதல் மணிக்கே,
உன் அம்மா
எலினோரா