வழுக்கிய கால்

பாப்பா,

உன் கூஸ் வாத்துக் குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விலகிப்போகின்றன. எழுந்து நிற்க முடியவில்லை. நீ விரித்த துண்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் செய்தித்தாள் போட்டவன் நான்தான். "வழுக்கும்பா"ன்னு நீ அன்றைக்கே கத்தினாய்; நான் காதில் வாங்கவில்லை. மாட்டு டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார். இப்போதே கால்களைச் சேர்த்துக் கட்டினால் சரியாகுமாம், விட்டால் ஊனமாகிவிடுமாம்.

உன் ரிப்பனால் இரண்டு காலையும் நிற்கும் அகலத்துக்குத் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். பாதம் வீங்கினால் உடனே அவிழ்த்துவிடு. தண்ணீர்க் கிண்ணத்தை வாய்க்கு எட்டும்படி வை. சாயங்காலம் டாக்டரிடம் சேர்ந்தே போவோம்.

சாப்பாடு மேசையில் இருக்கிறது. என்னோடு பேசாவிட்டாலும் சாப்பிடு.

அப்பா

பின்குறிப்பு: இப்போது பெட்டியில் விரித்திருப்பது என்னுடைய துண்டு. குளித்து முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.